கொண்டலில் வரும் விருந்தாளி

ஜெனோவாவுக்குக் கோபம் வந்தால் முகம் சிவக்காது, காது சிவக்கும். ஆழ்விழி மையத்தில் அவளோடு வேலை பார்ப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை காலையில் அவளுடைய இரண்டு காதும் பழுத்த மிளகாயாக இருப்பதைப் பார்த்துவிட்டு, அடுத்த மேசைக்காரர் டீ குடிக்கப் போகிற சாக்கில் நழுவிவிட்டார்.

அவள் முன்னால் இருந்த திரையில் மன்னார் வளைகுடாவின் அடித்தரை தெரிந்தது. அவள் பிறந்த கல்லுமுனைக்கு எதிரே, பெரியபார் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் பவளத்திட்டுக்குத் தெற்கே எடுத்த படம். மணல்மேல் ஒரு கடலட்டை கிடந்தது. முழங்கை நீளம், வெள்ளரிக்காய்ப் பருமன், எது முகம் எது முதுகு என்று சொல்ல முடியாத உடம்பு. தன் பாட்டுக்கு மண்ணைத் தின்று, அதிலுள்ள அழுகலை வயிற்றில் வைத்துக்கொண்டு, சுத்தமான மண்ணைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. யாரையும் கடிக்காது, யாரோடும் வம்புக்குப் போகாது. கடலுக்கு வாய்த்த துப்புரவுத் தொழிலாளி அது. அதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு கட்டம் போட்டு, கட்டத்தின் தலையில் இயந்திரம் ஒரு சொல்லை எழுதியிருந்தது: வந்தேறி.

கேமரா நகர்ந்தது. இன்னொரு அட்டை, இன்னொரு கட்டம், அதே சொல். அதற்கப்புறம் திரை கொள்ளாமல் கட்டங்கள்.

ஆழ்விழி என்பது அரசாங்கம் வைத்த பெயர். கப்பல்களின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டு வந்த வெளிநாட்டுச் சிப்பியும், எதன்மேலும் மூடிப் படரும் வெள்ளைப் பவளமும் இந்தக் கடலை மூச்சுத் திணற அடித்த பிறகு வந்த திட்டம். நண்டு மாதிரித் தரையில் ஊர்கிற இயந்திரங்கள், ஆளுக்கு ஆறு கேமரா. முதலில் கணக்கெடுப்பு. எது இந்தக் கடலின் உயிர், எது வெளியே இருந்து வந்தது என்று படம் பிடித்துப் பிரிப்பார்கள். பிறகு களையெடுப்பு. வெளியே இருந்து வந்ததற்கு ஊசி. ஊசி ஏறிய உயிர் ஒரே நாளில் கரைந்து கஞ்சியாகிவிடும். கல்லுமுனைக்காரர்கள் அந்த இயந்திரத்துக்குக் குருடன் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆறு கண் இருந்தும் எதிரே விரித்திருக்கும் வலை தெரியாமல் வந்து விழுந்து கிழித்துவிடுகிறதாம்.

இயந்திரம் பிரித்ததைச் சரிபார்ப்பது ஜெனோவாவின் வேலை. பெரியபார்ப் படங்கள் அன்றைக்குத்தான் அவள் மேசைக்கு வந்தன. அங்கே களையெடுப்பு திங்கட்கிழமை தொடங்குவதாக இருந்தது.

இயக்குநர் டாக்டர் ஹரிகேசவனின் கதவை அவள் தட்டவில்லை, தள்ளித் திறந்துகொண்டு போனாள்.

"சார், கடலட்டையைப் போய் வந்தேறின்னு போட்டிருக்கு உங்க மெஷின். அது எந்த ஊர்லேருந்து சார் வந்து ஏறிச்சு?"

"உட்காருங்க ஜெனோவா."

"உட்கார வரல சார்."

ஹரிகேசவன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் மேல் கோபப்படுவதுதான் உலகத்திலேயே கஷ்டமான காரியம்.

"நானும் பார்த்தேன். ஏன் இப்படிப் போட்டேன்னு அதுகிட்டயே கேட்டேன். அது சொல்ற பதிலுக்கு எனக்கு மறுபேச்சு வரல. இந்தக் கரையோட மீன்பிடிக் கணக்குல முப்பது வருஷமா ஒரு அட்டைகூட இல்லைங்குது."

"பிடிச்சா ஜெயிலு. கணக்குக் காட்டிட்டா சார் பிடிப்பாங்க?"

"அது அதுக்குத் தெரியாதே. கேஸுல பிடிச்ச அட்டையை, எந்தக் கடல்ல எடுத்ததுன்னே தெரியாத கடத்தல் சரக்குங்குது. பழைய புத்தகத்துல இருக்கேன்னு கேட்டா, அந்தக் கூட்டம் அழிஞ்சு போச்சு, இது வேற கடல்லேருந்து புதுசா வந்த கூட்டங்குது. இல்லேன்னா, யாருமே பார்க்காத உயிர் திடீர்னு இத்தனை எப்படின்னு நம்மளையே திருப்பிக் கேட்குது. எல்லாத்துக்கும் மேல, ஊர் அறிவு."

"என்ன ஊர் அறிவு?"

"முன்னாடி ஒரு ஊர்ல நல்ல சிப்பிப் படுகையை வெளிநாட்டுச் சிப்பின்னு சுரண்டித் தள்ளிடுச்சு. மீனவங்களைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க, யாரும் கேட்கல. அதுக்கப்புறம் விஞ்ஞானி சொல்றதைவிடக் கரைக்காரங்க சொல்றதுக்கு மதிப்பு அதிகம்னு விதி வந்தது. நான்தான் சண்டை போட்டு வாங்கினேன். ஒரு ஊர் விடாம ஆள் அனுப்பி அட்டைப் படத்தைக் காட்டிக் கேட்டோம். எல்லா ஊர்லயும் ஒரே பதில். இது இங்க கிடையாது. உங்க ஊர்லயும்தான்."

ஜெனோவாவுக்கு இப்போதுதான் உட்காரத் தோன்றியது.

"மரபணுச் சோதனை?"

"அனுப்பியாச்சு. முடிவு வர மூணு மாசம் ஆகும். ஊசி திங்கட்கிழமை. நிறுத்த ஒரே வழிதான். அந்த ஊர்க்காரர் ஒருத்தர் சாட்சி சொல்லணும். நேர்ல பார்த்தவரா இருக்கணும். எங்கே, எப்போ, எப்படிப் பார்த்தார்னு தன் வாயால சொல்லணும். ஒரே ஒருத்தர் போதும், அந்தப் பகுதியை அது விட்டுடும்."

"எப்படின்னா? முங்கிப் பொறுக்கினப்போ பார்த்தேன்னு சொல்லணுமா?"

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அந்தக் குரல் எங்க சார் போகும்?"

"கடற்காவலுக்கும் இதே சர்வர்தான். அது என் கையில இல்ல."

கடலட்டையைப் பிடிக்கத் தடை போட்டது தப்பு என்று ஜெனோவா சொல்ல மாட்டாள். ஏற்றுமதிக்காரர்கள் கேட்கக் கேட்க அள்ளிக் கொடுத்து, கரையே அதைத் துடைத்து எடுத்த காலம் ஒன்று இருந்தது. தடை வந்துதான் அது மறுபடி பெருகியது. ஆனால் தடை வந்த பிறகு கரையில் பிறந்த ஒவ்வொரு குழந்தையும் 'அம்மா', 'அப்பா'வுக்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. சட்டை போட்ட ஆள் எவன் வந்து அட்டைப் படத்தை நீட்டினாலும், "இதா? இது இங்கன கிடையாதே" என்று சொல்ல வேண்டும். வேலியே பயிரை மேய்ந்த கதை கேட்டிருக்கிறோம். இது வேலிக்குப் பயந்து பயிரே தன்னைப் பயிர் இல்லை என்று சொன்ன கதை.

மேசைக்குத் திரும்பி, கல்லுமுனையில் எடுத்த ஒலிப்பதிவைக் காதில் மாட்டிக் கேட்டாள். கேள்வி கேட்பவன் யாரோ கல்லூரிப் பையன். பதில் சொல்லும் கரகரத்த குரலை எங்கே கேட்டாலும் அவளுக்குத் தெரியும். ஊர்க் கமிட்டித் தலைவர் கஸ்பார் மாமா.

"இது என்ன உயிர்னு தெரியுமாங்க ஐயா?"

"இதா? இது இங்கன கிடையாதே. ஏ மிக்கேலு, நீ பாத்திருக்கியால?"

"நான் பாக்கல மாமா. சீ, புழு மாதிரில்லா இருக்கு."

பையன் நன்றி சொல்லி நகர்கிறான். ஒலிப்பதிவுப் பெட்டியை அணைக்கவில்லை. தள்ளி நின்று பேசுகிற பேச்சும், வெடித்துச் சிரிக்கிற சிரிப்பும் அதில் விழுகின்றன.

"ஏல, நம்ம விருந்தாளி படத்தைக் கொண்டாந்து நம்மகிட்டயே காட்டுதானே!"

"விருந்தாளி இப்ப எங்கன மாமா தங்கியிருக்காவ?"

"கொண்டல் அடிக்கட்டும், வருவாவ. வந்தா ரெண்டு மாசம் இருந்துட்டுத்தான் போவாவ."

ஜெனோவாவும் சிரித்துவிட்டாள். விருந்தாளி என்பது ஊரின் கள்ளச்சொல். போனை ஒட்டுக்கேட்கிறார்கள் என்ற பயம் வந்த காலத்தில் பிறந்தது. விருந்தாளி வந்தால் வீட்டில் கறி மணக்கும், அட்டை விற்ற காசு வந்தாலும் மணக்கும். ஆகவே அட்டை விருந்தாளி. கிழக்கிலிருந்து கொண்டல் காற்றடிக்கும் மாதங்களில் தண்ணீர் தெளிந்து அட்டை கண்ணுக்குத் தெரியும். ஆகவே கொண்டலில் விருந்தாளி வருவார்.

சிரித்து முடிப்பதற்குள் திரையில் ஆழ்விழி எழுதி வைத்திருந்த குறிப்பு கண்ணில் பட்டது. 'உள்ளூர்ப் பெயர்: விருந்தாளி. பொருள்: வெளியிலிருந்து வந்து சில காலம் தங்குபவர். வருகை: கொண்டல் காற்றுக் காலம்.'

அவள் காதிலிருந்ததைப் பிடுங்கி மேசைமேல் எறிந்தாள். யார்மேல் எறிவது என்று தெரியாததால்தான் மேசைமேல் எறிந்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கடற்கரை ஏலக்கூடத்தில் ஊர் கூடியது. மீனைக் கொட்டி ஏலம் விடுகிற சிமெண்டுத் திட்டின்மேல் ஜெனோவா, மையத்திலிருந்து கொண்டுவந்திருந்த, சாட்சி கேட்டுப் பதிகிற பெட்டியை வைத்தாள். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். முன்வரிசை மொத்தமும் இரண்டடி பின்னால் போனது.

"இப்ப கேக்குதா அது?" என்றார் கஸ்பார்.

"இல்ல மாமா. பச்சை லைட்டு எரிஞ்சாத்தான் கேக்கும்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். விருந்தாளிக்குக் குருடன் பொருள் எழுதிய இடம் வந்ததும் கூடம் கொல்லென்று சிரித்தது. மிக்கேல் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். நாளைக் காலை ஊசி என்றபோது சிரிப்பு நின்றது.

"போடட்டும்" என்றார் கஸ்பார்.

"என்ன மாமா சொல்லுதீய?"

"போடட்டும்னுதான் சொல்லுதேன். அட்டை இருக்கப்போய்த்தானே கேஸு? அது அத்துப்போச்சுன்னா கேஸும் அத்துப்போவும். இந்த ஊர்ல எத்தனை பயலுவ ஜெயிலைப் பாத்தாச்சு. போதும் தாயி."

"அட்டை போச்சுன்னா மண்ணு அழுகும் மாமா. மண்ணு அழுகினா பாரு செத்துரும். பாரு செத்தா நண்டு எங்கன வரும்? இறால் எங்கன வரும்? நீங்க எங்கன வலை போடுவீய?"

"இதைக் காலேஜுல படிச்சியோ? எனக்குத் தெரியாதாக்கும்!" கஸ்பாருக்கும் கோபம் வந்துவிட்டது. "தெரியும். தெரிஞ்சு என்ன செய்ய? அட்டை இங்கன இருக்குன்னு எவன் வாயத் தொறந்து சொல்லுவான்? சொன்ன வாயோட அவனைத் தூக்கிட்டுப் போவானுவ. நீ வந்து காப்பாத்துவியா?"

கூடத்தின் ஓரத்துத் தூணில் சாய்ந்து நின்ற ஆளை ஜெனோவா பார்த்தாள். அவளுடைய அண்ணன் அமல்தாஸ். அந்தக் கரையில் அவனைப் போல மூச்சை அடக்குகிறவன் கிடையாது. சங்கு குளிக்கப் போனவன், அட்டையும் எடுத்தான், பிடிபட்டான். அவன் ஜெயிலில் இருந்தபோதுதான் அம்மா செத்தாள். கல்லறைத் தோட்டத்துக்கு அவனைக் கூட்டி வந்தார்கள், கையில் விலங்கோடு. ஒரு பிடி மண் போடுவதற்கு இரண்டு கையையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருந்தது. இன்னொரு கேஸ் விழுந்தால் ஏழு வருஷம் என்று நீதிபதியே சொல்லி அனுப்பியிருந்தார்.

"அண்ணே" என்றாள்.

"என்னைப் பாக்காத ஜெனோ."

"ஒருத்தர் சொன்னாப் போதும்ணே."

"அந்த ஒருத்தன் நானா? அந்தப் புழுவாலதான் நம்ம அம்மாவ விலங்கோட அடக்கம் பண்ணினேன். சாவட்டும் அது. ஒண்ணுவிடாமச் சாவட்டும்."

"அட்டையாணே உங்களுக்கு விலங்கு மாட்டிச்சு?" அவள் கத்தியது மாதா கோயில் வரை கேட்டிருக்கும். "மாட்டினவன்ட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டிய. வாயில்லாத ஜீவன்மேல வீரத்தைக் காட்டுதிய. வெக்கமா இல்ல?"

அமல்தாஸ் தூணை விட்டு நிமிர்ந்தான்.

"எனக்கா வெக்கம்? நீ சொல்லேன்ட்டி. நீயும் முங்கினவதானே? பொம்பளப்பிள்ள முங்கக் கூடாதுன்னு ஊரே ஏசினப்பவும் எம்பின்னால வந்து முங்கினவதானே? உன் கண்ணால பாக்கலயா, உன் கையால எடுக்கலயா? நீ ஏன் வாயத் தொறக்கல? அண்ணன் உள்ள போவணும், தங்கச்சி கடலைக் காப்பாத்தினவன்னு பேரு வாங்கணும். அப்படித்தானே?"

கூடம் அவளைப் பார்த்தது. ஜெனோவாவின் காது அணைந்து போனது. அவன் சொன்னது பொய்யில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து யார் சொல்வார் யார் சொல்வார் என்று தவித்தவளுக்கு, அண்ணன் பெயர் மனதில் வந்த வேகத்தில் தன் பெயர் வரவில்லை. கடலில் முங்கியது, கிழிந்த பாவாடையைப் போல, எப்போதோ கழற்றிப் போட்ட சமாச்சாரமாக ஆகியிருந்தது. அரசாங்க வேலையில் இருக்கிறவள் அட்டை எடுத்தேன் என்று சொன்னால் அந்த வேலை மறுநாள் இருக்காது. அது மட்டும் உடனே ஞாபகம் வந்தது.

அவள் பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. அதுவரை முணுமுணுத்த வாயெல்லாம் மூடிக்கொண்டது.

"வணக்கம். தங்கள் பெயரைக் கூறவும்" என்றது பெட்டி. பெண் குரல், செய்தி வாசிக்கிற தமிழ்.

"ஜெனோவா. அப்பா பேரு சவேரிப்பிச்சை. கல்லுமுனை."

"எந்த உயிரினம் குறித்துச் சாட்சி கூறுகிறீர்கள்?"

"கடலட்டை. பெரியபாருக்குத் தெக்க இருக்கறது. அது வந்தேறி இல்ல. நான் பிறக்கிறதுக்கு முன்னாலயே இங்க இருக்கு. பத்து வயசுல நானே முங்கி எடுத்திருக்கேன், இந்தக் கையால."

பெட்டி கொஞ்ச நேரம் யோசித்தது. அல்லது யோசிப்பது போல் பாவனை செய்தது.

"தங்கள் கூற்று உரிய துறைக்கு அனுப்பப்படுகிறது. ஆயினும் தாங்கள் பல ஆண்டுகளாக நகரில் வசிக்கிறீர்கள். விதிப்படி தாங்கள் இவ்வூருக்கு வெளியாள். வெளியாளின் சாட்சி ஊர் அறிவாகக் கொள்ளப்படாது. நன்றி."

குற்றமாக ஏற்றுக்கொண்டது, சாட்சியாக ஏற்றுக்கொள்ளவில்லை. அவள் பிறந்த வீட்டின் ஓடு அங்கிருந்து பார்த்தால் தெரிந்தது.

"யாருல வெளியாளு?"

அமல்தாஸ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது.

"ஏ குருட்டு மூதி! யாரப் பாத்து வெளியாளுங்க? எந்தங்கச்சி இவ!"

"பேசுபவர் யார்?"

"அமல்தாஸ்! சவேரிப்பிச்சை மவன், இவ கூடப்பொறந்தவன்! ஜெயிலுக்குத் தவிர இந்த ஊரை விட்டு எங்கயும் போவாதவன்! எங்க ஊர்க்காரி இல்லன்னு சொல்ல நீ யாரு?"

"இவர் இக்கடலில் மூழ்கியதைத் தாங்கள் கண்டீர்களா?"

"காணாம? நான்தான் முங்கப் பழக்கினேன்! இவ இடுப்புக் கயிறை நான்தான் பிடிச்சேன்!"

அந்த இடத்தில் ஜெனோவாவுக்கு விளங்கிவிட்டது. பெட்டி அவளைப் பற்றிக் கேட்கவில்லை. எங்கே, எப்போ, எப்படி என்று ஹரிகேசவன் சொன்ன வரிசையில் அது போய்க்கொண்டிருந்தது. அவள் விரல் பொத்தானுக்கு மேலேயே இருந்தது.

"எந்த இடத்தில்?"

"பெரியபாருக்குத் தெக்க! கல்லுமுனையிலிருந்து கூப்பிடு தூரம்!"

"எந்தக் காலத்தில்?"

"மாதா கோயில் கொடிமரம் காத்துல விழுந்துச்சுல்லா, அந்த வருசம்! கேட்டுப் பாரு, ஊருக்கே தெரியும்!"

"இவர் எடுத்த உயிரினம் கடலட்டைதானா? அதைத் தாங்கள் எவ்வாறு அறிவீர்கள்?"

அணைத்திருக்கலாம். ஒரு விரல் அழுத்தம்தான். அவள் அணைக்கவில்லை.

"எவ்வாறா? நானும் எடுத்தேன்லா! எங்கப்பன் எடுத்தான், அவன் அப்பன் எடுத்தான்! அது எங்க கடல்லயே கிடக்கற அட்டை! எந்தங்கச்சியும் வெளியாளு இல்ல, அட்டையும் வெளியாளு இல்ல, நீதாம்ல வெளியாளு!"

"நன்றி, திரு. அமல்தாஸ் அவர்களே. தங்கள் சாட்சி ஏற்கப்பட்டது. தங்கள் கூற்று உரிய துறைக்கு அனுப்பப்படுகிறது."

பச்சை விளக்கு தானாக அணைந்தது. அமல்தாஸ் பெட்டியைப் பார்த்தான், பிறகு அதன்மேல் இன்னும் நீட்டியிருந்த தங்கையின் விரலைப் பார்த்தான்.

"நீ அணைச்சிருக்கலாம்லா ஜெனோ?"

"அணைச்சிருக்கலாம்ணே."

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நடந்தான். அவள் பின்னால் போகவில்லை. சட்டத்தின்மேல், மையத்தின்மேல், ஊரின்மேல் என்று மூன்று நாளாகச் சுற்றிவந்த கோபம் இப்போது வீடு வந்து சேர்ந்திருந்தது.

*

திங்கட்கிழமை காலை அண்ணன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து போனில் ஆழ்விழியைப் பார்த்தாள். பெரியபாருக்குத் தெற்கே குருடன் ஊசியை நீட்டியபடி ஊர்ந்து வந்தான். முதல் அட்டையின் பக்கத்தில் நின்றான். நீட்டிய ஊசியைத் தனக்குள் இழுத்துக்கொண்டான். சிவப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றாக அவிந்து, அந்த இடத்தில் பச்சையில் புதிய சொல் வந்தது: ஊர் உயிர். அட்டைக்கு இது எதுவும் தெரியாது. அது மண்ணைத் தின்றுகொண்டிருந்தது.

போன் அடித்தது. ஹரிகேசவன்.

"நிறுத்திடுச்சு, பார்த்தீங்களா? நீங்கதான் காப்பாத்தினீங்க ஜெனோவா. பத்து வயசுல செஞ்சதுக்கு உங்க மேல கேஸ் இல்லைன்னு சொல்லிட்டாங்க. ஆனா..." அவர் இழுத்தார். "இனிமே நீங்க மையத்துக்கு வர வேண்டாம்னு மேலிடத்துல சொல்றாங்க."

"வரல சார். எங்கண்ணன் குரலை அதுலேருந்து அழிக்க முடியுமா?"

"முடியாதும்மா."

"அப்ப எதுக்கு சார் போன் பண்றீங்க?" என்று கத்திவிட்டு வைத்தாள். திரையும் அத்தோடு இருண்டது. அவளுக்கு இருந்த அனுமதியை எடுத்துவிட்டார்கள்.

வெயில் ஏறும் நேரத்தில் கடற்காவல் ஜீப் வந்தது. "விருந்தாளி வந்துட்டாவடோய்" என்றான் மிக்கேல். யாரும் சிரிக்கவில்லை.

இறங்கிய அதிகாரி சின்ன வயசுப் பெண். அதட்டவில்லை, உருட்டவில்லை, செருப்பைக்கூட வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். அமல்தாஸ் தேய்த்த சட்டை போட்டுத் தயாராக இருந்தான். தானாகவே போய் ஜீப்பின் பின்பக்கம் ஏறினான். ஜெனோவாவும் அவன் பின்னால் ஏறக் கால் வைத்தாள்.

"உங்க பேர் இதுல இல்லைங்க மேடம்" என்றாள் அதிகாரி.

"எங்க ஏறுத?" என்றான் அமல்தாஸ் மேலிருந்து. "நீ வெளியாளுல்லா."

நேற்றிலிருந்து அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு. சொல்லிவிட்டு லேசாகச் சிரிக்கவும் செய்தான். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது, கோபத்தோடு கலந்த அழுகை. ஜீப்பின் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதிகாரி கூட்டத்தில் மூத்தவராகத் தெரிந்த கஸ்பாரிடம் போனாள். கையிலிருந்த படத்தை நீட்டினாள்.

"சம்பிரதாயத்துக்குத்தான் ஐயா. ஊர்ல ஒருத்தரைக் கேட்டு எழுதிக்கணும். இந்த உயிரை இந்தப் பக்கம் பார்த்திருக்கீங்களா? இல்லைன்னா இல்லைன்னு சொல்லிட்டுப் போயிட்டே இருங்க."

கூட்டத்தில் அத்தனை பேருக்கும் அந்தப் பதில் மனப்பாடம். சின்னப் பிள்ளைகள்கூடத் தூக்கத்தில் சொல்லும். கஸ்பார் படத்தை வாங்கி, கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். ஜீப்பின் கதவைப் பிடித்திருந்தவளைப் பார்த்தார்.

"தெரியும்" என்றார்.

"என்னங்க ஐயா?"

"தெரியும்னேன். படத்துல கிடக்கறவனும் எங்க ஊர்க்காரன்தான், வண்டில இருக்கறவனும் எங்க ஊர்க்காரன்தான், அந்தா கதவைப் பிடிச்சிட்டு நிக்காளே, அவளும் எங்க ஊர்க்காரிதான். எல்லாரையும் எனக்கு நல்லாத் தெரியும். எப்படித் தெரியும்னு கேளு தாயி. கேட்டு எழுதிக்க."

அதிகாரி கேட்கவில்லை. கஸ்பார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்து மூச்சு வாங்க ஜீப்பில் ஏறினார். அமல்தாஸ் நகர்ந்து இடம் விட்டான்.

"எனக்கும் தெரியும்" என்றான் மிக்கேல். அவனும் வந்து ஏறினான்.

அப்புறம் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் ஏலக்கூடத்தில் நின்றவர்கள். வரிசை கோயில் பக்கம் திரும்பி வளர்ந்துகொண்டிருந்தது. அதிகாரி வரிசையைப் பார்த்தாள், திரும்பி ஜீப்பைப் பார்த்தாள். அதில் நாலு பேருக்குத்தான் இடம் இருந்தது.